ஒரு தோட்டாவின் அகலம்

உஸ்மாவோடு கடைக்குப் போவது சும்மா காரியமில்லை. ஜன்னல் திரைக்குத் துணி எடுக்கப் போனால், கடைக்காரர் கிழித்துக் கொடுத்ததை அங்கேயே விரித்து, "ஏனுங்க, இந்தப் பக்கம் ரெண்டு இஞ்ச் கம்மியா இருக்குதுங்களே" என்பாள். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அளந்து பார்ப்பார். ரெண்டு இஞ்ச் கம்மியாகத்தான் இருக்கும். கூடப் போன அவள் புருஷன் ஆசிப் அந்நேரம் பார்த்துச் செல்போனில் முக்கியமான எதையோ தேடுவான். உக்கடத்தில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் கவர் தைப்பது அவன் தொழில். "நிக்காஹ் அன்னிக்கே என்னையக் கண்ணுலயே அளந்துபோட்டா. அரை இஞ்ச் கம்மின்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்காட்டறா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? சிங்காநல்லூரில் பம்புக்கு ஷாஃப்ட் கடைகிற ஒரு பட்டறையில் பதினேழு வருஷமாகத் தரம் பார்க்கிற வேலை. காலை எட்டரைக்குக் கையில் டிஜிட்டல் வெர்னியரை எடுத்தால் சாயங்காலம்தான் கீழே வைப்பாள். அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவில் எதை வைத்தாலும் அளவு சின்னத் திரையில் எண்ணாக வந்துவிடும். எண் சரியில்லை என்றால் ஷாஃப்ட் சிவப்பு டப்பாவுக்குப் போகும். லேத்தில் நிற்கும் ஆண்கள் முதலில் முறைத்தார்கள், அப்புறம் கெஞ்சினார்கள், கடைசியில் வேறு வழியில்லாமல் ஒழுங்காகக் கடைய ஆரம்பித்தார்கள்.

அந்தப் பட்டறையின் மேனேஜர் சென்னகிருஷ்ணன்தான் அவளைத் துப்பாக்கிப் பக்கம் இழுத்துவிட்டவர். காரமடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ரைபிள் கிளப்புக்கு அவர் செயலாளர். அவருக்கு மைக் பிடிக்கத் தெரியும், துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. அது வேறு கதை. பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு அந்தக் கிளப்பில் குரூப் போட்டி நடக்கும். ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒரு அட்டை, ஐந்து தோட்டா. நடுப்புள்ளியில் பட்டதா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஐந்து ஓட்டையும் எவ்வளவு நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் கேள்வி. அதிக தூரம் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் குரூப். குறைந்த எண் யாருக்கோ அவருக்கு முதல் பரிசு.

ஒரு வருஷம் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து, ஒருவர் இருபத்திரண்டு என்க, இன்னொருவர் இருபத்துமூன்று என்க, இரண்டு பெரிய மனுஷர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சென்னகிருஷ்ணன் மைக்கிலேயே சொல்லிவிட்டார்: "அடுத்த வருசம் எங்க பட்டறை அம்மணியக் கூட்டிட்டு வாரேன். அது சொன்னாச் சொன்னதுதானுங்க."

உஸ்மா சும்மா வந்து நிற்கிற ஆளா? போட்டிக்கு முந்தின வாரமே ரைபிளோடு வந்த சின்னப் புத்தகத்தை வாங்கிப்போய் இரண்டு தடவை படித்தாள். குரூப் என்பது ஓட்டையின் நடுவிலிருந்து ஓட்டையின் நடுவுக்கு. ஆனால் கிழிந்த ஓட்டைக்கு நடு எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு அளந்து, ஒரு தோட்டாவின் அகலத்தைக் கழித்துவிட வேண்டும். அந்த ரைபிளுக்கு அது ஐந்து புள்ளி ஆறு மில்லிமீட்டர். வெர்னியரில் இருபத்தெட்டு வந்தால் குரூப் இருபத்திரண்டு புள்ளி நான்கு. இந்தக் கழித்தலை அவள் மனசுக்குள்ளேயே போட்டுவிட்டு, முடிவை மட்டும் வாயால் சொல்வாள். வழியைச் சொன்னால் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள்; இருபத்துமூன்று பேருக்குப் பதில் சொல்லி முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒன்பது வருஷமாக இப்படித்தான் நடந்தது. ஒருவர்கூட வாயைத் திறந்ததில்லை, கோவிந்தராஜுலுவைத் தவிர.

கோவிந்தராஜுலுவுக்கு அறுபத்து நான்கு வயது. நூல் வியாபாரம், காரமடையில் தென்னந்தோப்பு. கிளப்பின் சுடுதளமே அவருடைய தோப்பின் கோடியில்தான் இருக்கிறது; வாடகைகூட வாங்காமல் விட்டுக்கொடுத்த இடம். நல்ல குறி உள்ள மனுஷர். ஒன்பது வருஷத்தில் நான்கு தடவை முதல் பரிசு அவருக்குத்தான். முதல் பரிசு என்ன என்கிறீர்களா? டேபிள் டாப் கிரைண்டர். கோயமுத்தூரில் வேறென்ன கொடுப்பார்கள்? அந்த நான்கு கிரைண்டரும் அவர் வீட்டு மாடியில் பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருக்கின்றன. பழைய கிரைண்டரில் பெல்ட் வழுக்கி வழுக்கி மாவு அரைக்கும் அவர் மனைவி வெங்கடம்மாள் இதைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை. "ஒண்ணையாச்சும் பிரிங்கன்னா வேண்டாங்கறாருங்க. பூசை பண்றதுக்கா வெச்சிருக்கறாரு?" என்று பொருமுவார். பணக்கார வீட்டுக் கிறுக்கு என்று ஊரும் விட்டுவிட்டது.

முதல் வருஷம் ஜெயித்தபோது அவர் ஒரு வார்த்தை பேசாமல் கிரைண்டரைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போனார். தன் அட்டையையும் வாங்கிக்கொண்டார்; சுட்டவரே அட்டையை எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். இரண்டாம் வருஷத்திலிருந்துதான் வம்பு. உஸ்மா எண்ணைச் சொன்னதும், "அம்மணி, ஒருக்கா மறுக்காவும் அளந்து பாருங்களே" என்பார். அளப்பாள். அதே எண் வரும். "நெசமாவே அவ்வளவுதானுங்களா?" என்பார். பட்டறையில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சிவப்பு டப்பாவைத் தலையில் கவிழ்த்திருப்பாள். இவர் வயசான மனுஷர், இடம் கொடுத்தவர். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நான்காம் வருஷம் பொறுக்க முடியாமல் மேசைக்கு முன்னால் ஒரு கயிற்றைக் கட்டி, பலகையில் தன் கையாலேயே எழுதி மாட்டினாள்: 'அட்டையை அளக்கும்போது சுட்டவர் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். வாய் திறந்தால் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும்.' கோவிந்தராஜுலு அதைச் சத்தமாகப் படித்தார், "நல்ல ரூல்ஸுங்க" என்றார், உடனே வாயைத் திறந்தார். அதிலிருந்து வருஷா வருஷம் அவர் செலவில்தான் டீ. எல்லோரும் சிரித்தார்கள். உஸ்மாவும் சிரித்தாள், ஆனால் உள்ளுக்குள் அது குத்திக்கொண்டே இருந்தது. ஊரே நம்புகிற தன் எண்ணை இந்த ஒரு மனுஷர் மட்டும் நம்பவில்லையே என்று அவளுக்கு வருத்தம்.

அவள் சுட ஆரம்பித்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், மழையால் கூட்டம் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை. "சும்மா அஞ்சு போட்டுப் பாரு அம்மணி" என்றார் சென்னகிருஷ்ணன். போட்டாள். ஐந்தும் கறுப்பு வட்டத்துக்கு இடப்பக்கம் கீழே போய் விழுந்தன, ஆனால் பக்கத்துப் பக்கத்தில். அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதுவரை மற்றவர்கள் போட்ட ஓட்டைகளைத்தான் அளந்திருக்கிறாள். இந்த ஐந்தும் தன்னுடையது. அன்று வீட்டுக்குப் போனதும் ஆசிப்பிடம் மூச்சு விடாமல் அதையே பேசினாள். அவன் மறுவாரமே சீட் கவர் ரெக்ஸினையும் தடித்த கேன்வாஸையும் வைத்து அவளுக்கு ஒரு கோட்டு தைத்துவிட்டான். கடையில் விற்கிற கோட்டு யானை விலை. இது கொஞ்சம் ஆட்டோ வாசம் அடிக்கும், அவ்வளவுதான்.

பத்தாம் வருஷப் போட்டிக்கு உஸ்மா பேர் கொடுத்தாள். ஆசை ஒன்றே ஒன்றுதான். தன் குரூப்பையும் ஒருவர் அளந்து, எல்லோருக்கும் முன்னால் எண்ணைச் சொல்ல வேண்டும். வீட்டில் தனியாக எத்தனையோ அட்டையை அளந்தாகிவிட்டது; தன் வேலையைத் தானே பாஸ் பண்ணுவது எந்தப் பட்டறையிலும் செல்லாது. அப்புறம் கிரைண்டர். அதையும் மறைப்பானேன்? ஆசிப் முந்தின நாளே சமையல் மேடையில் இன்ச் டேப்பை வைத்து இடம் அளந்துவிட்டான்.

"அப்ப உங்க அட்டைய ஆரு அளக்கறது?" என்று கமிட்டியில் கேள்வி வந்தது. தானே சுட்டுத் தானே அளக்க முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள். மற்றவர்கள் எல்லோருடையதையும் முதலில் அளந்து பலகையில் எழுதிவிட்டு, கடைசி ஆளாகத் தான் சுடுவதாகவும் சொன்னாள். பலகையில் எண் ஏறிய பிறகு யாரும் சந்தேகப்பட முடியாது. அளக்க யார் என்றபோது நான்கைந்து பேர் ஒரே குரலில் "நம்ம கோவிந்தராஜுலு அய்யாதான்" என்று கத்தினார்கள். இத்தனை வருஷமாக அளவைக் குறை சொன்னவர் ஒரு தடவை அளந்துதான் பார்க்கட்டுமே என்று வேடிக்கை. அவர் தயங்கித் தயங்கி ஒத்துக்கொண்டார். போட்டியன்று காலையில் உஸ்மா வெர்னியரை அவர் கையில் கொடுத்து, தாடை இரண்டையும் வெளி ஓரத்தில் எப்படி ஒட்டி வைப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டிக்கொடுத்தாள். கழிப்பதைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, பாவம்; மூச்சு விடுவதுபோல ஒன்பது வருஷமாக மனசுக்குள் நடக்கிற காரியம் அவளுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

பத்தரை மணிக்குப் பலகையில் எண்கள் ஏறிவிட்டன. கோவிந்தராஜுலு இருபத்தொன்று புள்ளி நான்கு. "மறுக்கா அளங்க அம்மணி" என்று அவர் வழக்கம்போலச் சொல்லி, டீக்கும் ஆளனுப்பிவிட்டார். அடுத்தது பாத்திரக்கடை அரங்கசாமி, இருபத்துநான்கு புள்ளி ஒன்று. மூன்றாவது எண் இருபத்தைந்து புள்ளி மூன்று. மற்றதெல்லாம் இருபத்தேழுக்கு மேலே.

உஸ்மா கோட்டை மாட்டி, தலைமுக்காட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு பாயில் குப்புறப் படுத்தாள். இருபத்தொன்று புள்ளி நான்குக்குக் கீழே வேண்டும். முதல் தோட்டா போனது. இரண்டாவது, மூன்றாவது. தென்னை மட்டையில் காற்று சலசலத்தது, காத்திருந்தாள். நான்காவது. ஐந்தாவதற்கு மட்டும் விரலை எடுத்துவிட்டு, மறுபடி மூச்சை அடக்கி, மெல்ல இழுத்தாள். எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

அட்டை வந்தது. வழக்கம்போல இடப்பக்கம் கீழே ஐந்து ஓட்டைகள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தே பதினேழு வருஷக் கண் அளந்துவிட்டது: இருபத்தொன்றுக்குள் இருக்கும். அல்லாவே, இருக்கும். ஆசிப்பின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோவிந்தராஜுலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாடையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவள் காட்டியபடி வெளி ஓரத்துக்கு வெளி ஓரம், கச்சிதமாக. திரையைப் பார்த்துச் சொன்னார்: "இருபத்தாறு பாயின்ட் நாலு."

"உஸ்மா அம்மணி, இருபத்தாறு பாயின்ட் நாலு! நாலாவது இடமுங்க!" என்று மைக்கில் முழங்கினார் சென்னகிருஷ்ணன். "அடடா" என்றது கூட்டம்.

கழிக்கவில்லை! இருபத்தாறு புள்ளி நான்கில் ஐந்து புள்ளி ஆறு போனால் இருபது புள்ளி எட்டு. ஜெயித்தது அவள்தான். வாயைத் திறக்கப் போனாள். டீ வாங்கித் தருவதா பெரிய விஷயம்? ஆனால் சொல்ல முடியுமா? ஒன்பது வருஷமாக ஒரு உயிருக்கும் சொல்லாத கழித்தலை, தன் அட்டை வந்த அன்றைக்கு, தன் எண்ணைக் குறைக்கச் சொல்லி எடுத்துவிட்டால் எவன் நம்புவான்? குரூப் கணக்கின் விவரம் தெரிந்த, மாவட்டத்துக்காகச் சுடும் கிளப் பிள்ளைகளும் அன்று வெளியூர்ப் போட்டிக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆசைக்காகக் கணக்கை மாற்றினாள் என்பார்கள். இத்தனை வருஷம் சொன்ன எண்கள் எல்லாம் அத்தோடு போகும். கிரைண்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும் பேச்சைக் கேட்காமல் நிறைந்துவிட்டது.

மேசையில் கோவிந்தராஜுலு நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். பிறகு அட்டைக் கட்டுக்குள் கையை விட்டு, அன்று காலை தான் சுட்ட அட்டையைத் தேடி எடுத்தார். அதை அளந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. வெர்னியரை மேசைமேல் வைத்துவிட்டு, சென்னகிருஷ்ணன் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றார். "பலகையில என்ற நெம்பரு இருபத்தொண்ணு பாயின்ட் நாலுன்னு இருக்குது. அது பொய்யுங்க. இப்பத்தான் அளந்தேன், இருபத்தேழு. இன்னிக்கு மட்டுமில்லீங்க. மொத வருசம் ஜெயிச்ச அட்டைய என்ற பேத்தி நவ்யா ஸ்கேலுல வெச்சுப் பாத்தேன். அம்மணி சொன்னதுக்கு மேல அஞ்சரை மில்லி இருந்துது. அதுக்கப்பறம் ஒவ்வொரு வருசமும் அதே அஞ்சரை. எடம் குடுத்த மனுசன்னு அம்மணி எனக்குக் கொறச்சுச் சொல்லுது போலன்னு நெனச்சேன். அதான் மறுக்கா அளங்க, மறுக்கா அளங்கன்னு கெஞ்சினனுங்க. வெளிய சொன்னா அம்மணி பேரு கெட்டுப்போயிரும். சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வாரதில்லை. இன்னிக்கு அம்மணி எனக்குக் கொறச்ச கொறையில அம்மணியே தோத்து நிக்குது. என்னால முடியாதுங்க. ஜெயிச்சது உஸ்மா அம்மணி."

இருபத்தைந்து முகம் உஸ்மா பக்கம் திரும்பியது. அரங்கசாமி, "என்ன அம்மணி இது, தள்ளுபடியா?" என்று கேட்டேவிட்டார்.

உஸ்மா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அட சாமி! ஒன்பது வருசமா இதையா மனசுல வெச்சிருந்தீங்க?" என்றாள். யாரோ ஒரே ஒரு தோட்டா சுட்டுப் பார்த்த பழைய அட்டை ஒன்று மூலையில் கிடந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இதுல ஓரத்துக்கு ஓரம் அளங்க."

அவர் அளந்தார். "அஞ்சு பாயின்ட் ஆறு."

"ஒரே ஒரு ஓட்டைதானுங்களே. ஒத்தத் தோட்டாவுக்கு ஏதுங்க குரூப்பு? சைபர்தான வரோணும்? அந்த அஞ்சு பாயின்ட் ஆறு தோட்டாவோட ஒடம்பு. அதைக் கழிச்சாத்தானுங்க குரூப்பு. உங்களுக்கு மட்டுமில்லீங்க, எல்லாத்துக்கும் மனசுலயே கழிச்சுப்போட்டுத்தான் சொல்லுவேன். வேணும்ன்னா இங்க கெடக்கற அட்டை அத்தனையும் அளந்து பாருங்க. நான் வாயத் தொறந்து சொல்லாம விட்டது என்ற தப்பு."

அரங்கசாமி வெர்னியரைப் பிடுங்காத குறையாக வாங்கித் தன் அட்டையை அளந்தார். இருபத்தொன்பது புள்ளி ஏழு. விரலை மடக்கிக் கழித்துப் பார்த்தார். இருபத்துநான்கு புள்ளி ஒன்று. "சரியாத்தானுங்க இருக்குது!" என்று அவர் கத்த, ஆளாளுக்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு மேசையை மொய்த்தார்கள். செல்போனில் கழித்துக் கழித்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. சென்னகிருஷ்ணன் பலகையின் உச்சியில் 'உஸ்மா 20.8' என்று எழுதி, "மொத பரிசு!" என்று மைக் இல்லாமலே கத்தினார். ஆசிப் அவள் கோட்டின் முதுகில் ஓங்கித் தட்டினான். அவளுக்கு வலிக்கவில்லை, அவன் தைத்த ரெக்ஸின் அப்படி.

கோவிந்தராஜுலு மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஒற்றை ஓட்டை அட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். உஸ்மா பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து, சின்னக் குரலில் கேட்டார்: "அப்ப... அந்த நாலு தடவையும் நான் நெசமாவே ஜெயிச்சதுங்களா அம்மணி?"

"நெசமா நீங்க ஜெயிச்சதுதானுங்க அய்யா. என்ற கையால அளந்தது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்போனை எடுத்துத் தள்ளிப் போய் நின்று, வீட்டில் பேசும் தெலுங்கில் என்னமோ சொன்னார். மற்றவர்களுக்குப் புரிந்தது கிரைண்டர் என்ற ஒரு வார்த்தைதான். அந்தப் பக்கம் வெங்கடம்மாள் போட்ட சத்தம் தென்னந்தோப்பு வரைக்கும் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "ஒரு கிரைண்டரு போதும், எதுக்கு நாலையும் பிரிக்கோணும்னு ஊட்டுக்காரி கேக்கறா அம்மணி" என்றார். "நாலையும் பிரின்னு சொல்லிப்போட்டேன்."